ஒரே மலை நாற்பது தடவை வந்தால் மலைத்தொடர் ஆகுமா? கற்பனை உலகம் வரைபவர்களின் குட்டித் தொகுப்பு ரகசியம்!

கற்பனை ராஜ்ஜியம் ஒன்றின் வரைபடம். வடக்கே பனிமலை, நடுவில் அடர்ந்த காடு, தெற்கே துறைமுகம். பார்த்தவுடன் பிடித்துவிடுகிறது. ஆனால், இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. முதல் மலையின் இடது தோளில் சின்னதாக ஒரு வெடிப்பு. பக்கத்து மலையிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு. அதற்கடுத்ததிலும்தான். நாற்பது மலை, நாற்பது வெடிப்பு! ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் போதும். அதற்குப் பிறகு அது மலைத்தொடராகத் தெரியாது, ரப்பர் ஸ்டாம்ப்பை வரிசையாகக் குத்திய காகிதமாகத்தான் தெரியும்.

வாசலில் கையால் இழுத்த கோலத்தையும், கோலக்குழலில் மாவை நிரப்பி உருட்டிய கோலத்தையும் தெருமுனையிலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம் இல்லையா? அதே விஷயம்தான் இங்கேயும். கையால் வரைபவர் ஒரே மலையை இரண்டு தடவை வரையமாட்டார். வரையவும் முடியாது. கம்ப்யூட்டரோ கேட்டால் ஒரே மலையை ஆயிரம் தடவை தரும்.

இந்தச் சிக்கலுக்குக் கற்பனை வரைபட மென்பொருள்களில் ஒரு வழி இருக்கிறது. ஒரு மலைக்குப் பதிலாக ஏழெட்டு மலைகளை வரைந்து, அவற்றை ஒரே பெயரின் கீழ் தொகுப்பாகக் கட்டிவைப்பது. ஒவ்வொரு க்ளிக்குக்கும் தொகுப்பிலிருந்து ஏதோ ஒரு மலையை மென்பொருளே எடுத்து வைக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து செய்தால்தான் அதிலுள்ள நுணுக்கங்கள் தெரியும்.

தூங்காமல் வரைந்த மகன்

கதைக்கு வரைபடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டோல்கீன் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' 1954-ல் வெளியாகத் தொடங்கியபோது, அதற்கான வரைபடத்தை வரைந்தவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர். மூன்றாம் பாகத்துக்குக் கோண்டோர், மோர்டோர் பகுதிகளைப் பெரிதாக்கிக் காட்டும் தனி வரைபடம் அவசரமாகத் தேவைப்பட்டது. 24 மணி நேரம் படுக்கைக்கே போகாமல் அதை வரைந்து முடித்தார் அவர். ஒவ்வொரு மலையும் தனித்தனியாகக் கையால் இழுத்த கோடு.

பின்னாளில் பாலின் பெய்ன்ஸ் என்ற ஓவியர் மிடில் எர்த்துக்குப் பெரிய போஸ்டர் வரைபடம் செய்தார். 1970-ல் அது வெளியானது. அதற்காக டோல்கீன் குறிப்புகள் எழுதிக்கொடுத்த பழைய வரைபடத் தாள் ஒன்று, பெய்ன்ஸிடம் இருந்த புத்தகத்துக்குள்ளிருந்து 2015-ல் வெளியே வந்தது. ஹாபிட்டன் ஏறக்குறைய ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருக்கிறது என்பதுவரை அதில் எழுதியிருக்கிறார் மனிதர்! அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது.

டோல்கீனுக்கு வரைந்து தர மகன் இருந்தார், ஓவியர் இருந்தார். 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டு வந்தபிறகு நிலைமை மாறியது. நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கதாபாத்திரங்களாகப் பேசி விளையாடும் விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்துபவருக்கு வாராவாரம் புதுப் புது ஊர், காடு, குகை வேண்டும். அவர் ஓவியராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை ஆட்டத்துக்குள் ஒரு தீவையே உருவாக்கியாக வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் லண்டனைச் சேர்ந்த புரோஃபேன்டஸி நிறுவனம் 1993-ல் 'கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்' மென்பொருளைக் கொண்டுவந்தது. இன்று புழக்கத்தில் இருப்பது அதன் 'சி.சி.3 பிளஸ்' பதிப்பு.

கதவு ஒரே மாதிரி இருக்கலாம், மரம் இருக்கலாமா?

இந்த மென்பொருளின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. இது ஓவியம் தீட்டும் மென்பொருளிலிருந்து பிறக்கவில்லை. இன்ஜினீயர்களின் ஃபாஸ்ட்கேட் என்ற வரைகலை மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. ஃபாஸ்ட்கேடை உருவாக்கியவர் மைக் ரிடில். கட்டட பிளான் போடும் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டோகேடுக்கு அடித்தளமாக இருந்ததும் அவர் எழுதிய புரோகிராம்தான்.

கட்டட பிளானில் ஒரு கதவை ஒரே ஒருமுறை வரைந்து, அதைக் 'குறியீடு' என்று பதிவு செய்துகொள்வார்கள். பிறகு நூறு இடத்தில் அதையே வைப்பார்கள். நூறு கதவும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பிளானில் அது நல்லது. ஒரு கதவு கொஞ்சம் மாறித் தெரிந்தால் மேஸ்திரி குழம்பிப்போவார். ஆனால், காடு அப்படி இல்லையே... நூறு மரமும் ஒன்றுபோல் இருந்தால் அது காடு இல்லை, சவுக்குத் தோப்பு!

கதவுக்காகப் பிறந்த ஒரு முறையைக் காட்டுக்கும் பொருந்தும்படி மாற்றியதுதான் இந்தத் தொகுப்பு. மென்பொருளுக்குள் குறியீடு பழைய மாதிரியே இருக்கிறது. 'இந்த எட்டும் ஒரே குடும்பம், உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்' என்ற அனுமதி மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

சொந்தமாக வரைந்த எட்டு மரங்களைத் தொகுப்பாக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னணி இல்லாத பி.என்.ஜி. படங்களாக எட்டையும் சேமிக்க வேண்டும். பெயர்தான் இங்கே உயிர்நாடி. 'வேம்பு 1', 'வேம்பு 2' என்று பெயர் ஒன்றாகவும் கடைசி எண் மட்டும் வேறாகவும் இருக்க வேண்டும். ஒன்றில் 'வேம்பு', இன்னொன்றில் 'வேப்பமரம்' என்று எழுதினால் அந்த மரம் குடும்பத்தில் சேராமல் தனியே நிற்கும். சி.சி.3 பிளஸ்ஸில் குறியீட்டு மேலாளர் என்றொரு பகுதி உண்டு. அங்கே முதல் மரத்தைத் 'தொகுப்பின் முதல் உறுப்பினர்' என்றும், மற்ற ஏழையும் 'தொகுப்பின் இதர உறுப்பினர்' என்றும் குறித்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு, பி.என்.ஜி. படங்களை மொத்தமாக உள்ளே இழுக்கும் கட்டளையிலேயே தொகுப்பாக்கும் வசதியும் இருக்கிறது. பெரிய படத்திலிருந்து சிறிய அளவுப் பிரதிகளையும் அதுவே தயாரித்துக்கொள்ளும். வரைபடத்தைத் தள்ளி நின்று பார்க்கும்போது கம்ப்யூட்டர் திணறாமல் இருப்பது இந்தச் சின்னப் பிரதிகளால்தான்.

எல்லாம் சரியாக அமைந்தால், கேட்டலாக்கில் எட்டு மரத்துக்குப் பதில் ஒரே ஒரு மரம் தெரியும். அதன் மூலையில் சின்னக் கூட்டல் குறி. அதை அழுத்தினால் குடும்பம் முழுவதும் விரியும். வரைபடத்தில் வைக்கும்போது ஒவ்வொரு க்ளிக்குக்கும் வேறு மரம் வரும். வந்தது பிடிக்கவில்லையா? டேப் பட்டனைத் தட்டினால் அடுத்த மரம் மவுஸ் முனையில் வந்து நிற்கும். முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் தேவையே இல்லாமல் நூறு மரம் நட்டுவிடுவார்கள் என்பது வேறு விஷயம்!

எதை எதோடு சேர்ப்பது?

தொழில்நுட்பம் இவ்வளவுதான். அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் அனுபவம் பேசுகிறது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வித்தியாசத்தை அள்ளித் தெளிக்கிறார்கள். ஐந்து மரங்களில் ஒன்று இலையுதிர்ந்து பட்டுப்போன மரம். தனியாகப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால், ஐந்து பேர் குடும்பத்தில் ஒன்று என்றால், காட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மரம் பட்டமரமாக வந்து விழும். ஏதோ நோய் தாக்கிய காடு போலாகிவிடும். இடிந்த கோட்டை, இரட்டைச் சிகரம், புகை கக்கும் எரிமலை எல்லாம் இதே ரகம். கண்ணை இழுக்கும் எதுவும் தொகுப்புக்குள் போகக் கூடாது. அதைத் தனிக் குறியீடாக வைத்து, வேண்டிய இடத்தில் நாமே கையால் வைக்க வேண்டும். தொகுப்புக்குள் இருக்க வேண்டியவை யார் கண்ணுக்கும் தனியாகத் தெரியாத சாதுக்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்பவர்கள் மாதிரி.

அடுத்தது வெளிச்சம். வரைபடங்களில் மலைக்கு நிழல் போடும்போது, வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அதனால் மலையின் வலப்பக்கம் இருட்டாக இருக்கும். குறியீட்டைத் தானாக இடவலமாகப் புரட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறது. 'அட, எட்டு மலை பதினாறாகிவிடுமே!' என்று அதை முடுக்கிவிட்டால், பாதி மலைகளில் காலைச் சூரியன், மீதி மலைகளில் மாலைச் சூரியன். நிழல் இல்லாத வெறும் கோட்டுச் சித்திரம் என்றால் புரட்டலாம், தவறில்லை. தானாகச் சுழற்றும் வசதியும் அப்படித்தான். நேர்மேலே இருந்து பார்ப்பதுபோல் வரைந்த பாறைகளையும் மரத் தலைகளையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். பக்கவாட்டில் வரைந்த தென்னையைச் சுழற்றினால் புயலடித்த தோப்புதான் கிடைக்கும். நகர வரைபடங்களுக்கான சில வீட்டுக் குறியீடுகள் மட்டும் கெட்டிக்காரத்தனமானவை. வீட்டை எந்தத் திசையில் திருப்பினாலும் கூரையின் நிழல் அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

கோட்டின் தடிமனைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு மலையைப் பெரிதாக வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் பாதியாகச் சுருக்கினால் அதன் கோடுகளும் சேர்ந்து மெலிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மலையின் கோடு தடியாக இருக்கும்போது, இரண்டும் இரண்டு பேர் வரைந்ததுபோல் தெரியும். எட்டையும் ஒரே தாளில், ஒரே பேனாவில், ஏறத்தாழ ஒரே உயரத்தில் வரைந்து, ஒரே ஸ்கேனாக எடுத்து வெட்டிக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி. ஒரே உட்காரலில் வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. நேற்றைய கைக்கும் இன்றைய கைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

பிறகு, பிடிமானப் புள்ளி. குறியீட்டை எந்தப் புள்ளியில் பிடித்து வரைபடத்தில் நடுகிறோம் என்பது அது. மரத்துக்கும் மலைக்கும் அது அடிவாரத்தில் இருக்க வேண்டும். ஏன்? காடு முழுவதையும் நட்டு முடித்தபின், பின்னால் இருக்க வேண்டிய சில மரங்கள் முன்னால் வந்து நிற்கும். சி.சி.3 பிளஸ்ஸில் குறியீடுகளை வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால், வடக்கே உள்ளவை பின்னாலும் தெற்கே உள்ளவை முன்னாலுமாக ஒழுங்காகிவிடும். அந்தக் கணக்கு நடப்பது பிடிமானப் புள்ளியை வைத்துத்தான். எட்டு மரங்களில் ஒன்றுக்கு மட்டும் புள்ளி உச்சியில் இருந்தால், அந்த மரம் மட்டும் எங்கு வைத்தாலும் வரிசை தவறி நிற்கும். காரணம் தெரியாமல் ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் பலன் பெரிது. காட்டின் எல்லையை மட்டும் வரைந்து, 'இதற்குள் மரங்களை நிரப்பு' என்று மென்பொருளிடம் சொல்லிவிடலாம். நூற்றுக்கணக்கான மரங்களும் வகைக்கொன்றாக வந்து நின்றுவிடும். தொகுப்பே இல்லாமல் இதே கட்டளையைக் கொடுத்தால் கிடைப்பது சவுக்குத் தோப்பு!

வொண்டர்டிராஃப்ட் என்ற மென்பொருளில் வேலை இன்னும் சுலபம். மரப் படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டால் அந்த ஃபோல்டரே தொகுப்பு. பிரஷ்ஷை இழுத்தால் காடு முளைக்கும். பிரவுசரிலேயே வரைய வைக்கும் இன்கார்னேட்டும் பிரபலம்தான். மூன்றில் எது உசத்தி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. நுணுக்கமாக அமைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் சி.சி.3 பிளஸ் பக்கம் போகிறார்கள், இன்று மாலையே வரைபடம் வேண்டும் என்பவர்கள் மற்ற இரண்டுக்கும் போகிறார்கள். வெளிச்சம், கோடு, பட்டமரம் பற்றிச் சொன்னதெல்லாம் மூன்றுக்கும் பொது.

வரையத் தெரியாதவர்களுக்கு 1675

'எட்டு மரம் வரையத் தெரிந்தால் நான் ஏன் மென்பொருள் வாங்குகிறேன்?' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மென்பொருளோடு வரும் தொகுப்புகளே பலருக்குப் போதும். சி.சி.3 பிளஸ்ஸில் முதலில் கண்ணில் படும் நிலப்பரப்பு பாணியை வரைந்தவர், டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் புத்தகங்களுக்கே வரைபடம் வரைந்த மைக் ஷ்லே.

இன்னொரு வழியும் இருக்கிறது. கே.எம். அலெக்ஸாண்டர் என்ற அமெரிக்க நாவலாசிரியர், நூற்றாண்டுகள் பழைமையான நிஜ வரைபடங்களிலிருந்து மலை, மரம், ஊர்ச் சின்னங்களைப் பொறுமையாக வெட்டியெடுத்துத் தொகுப்பு தொகுப்பாக இலவசமாகவே கொடுத்துவருகிறார். ஜான் ஓகில்பி 1675-ல் வெளியிட்ட பிரிட்டன் சாலை வரைபடப் புத்தகத்திலிருந்து எடுத்த தொகுப்பு அவற்றில் ஒன்று. 17-ம் நூற்றாண்டில் செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகள், இன்று யாரோ ஒருவரின் கற்பனைத் தீவில் குன்றுகளாக நிற்கின்றன. இந்தப் பழைய குன்றுகளில் ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இருக்காது. செதுக்கியது கை ஆயிற்றே!

எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறியானால்...

இவ்வளவு உழைப்பும் ஒரே நொடியில் காணாமல் போவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சி.சி.3 பிளஸ்ஸின் வரைபட ஃபைலுக்குள் மரத்தின் படம் இருக்காது. 'இந்த ஃபோல்டரில் இந்தப் பெயரில் உள்ள படம்' என்ற முகவரி மட்டுமே இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒருநாள், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ, 'வேம்பு' என்பதைப் 'புதுவேம்பு' என்று மாற்றினாலோ முடிந்தது. அடுத்தமுறை வரைபடத்தைத் திறக்கும்போது காடு இருந்த இடமெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறிகள்! நண்பருக்கு அனுப்பினாலும் இதே நிலைதான். அவர் கம்ப்யூட்டரில் அந்தப் படங்கள் இல்லையே... காட்டுவதற்கு மட்டும் என்றால் முழு வரைபடத்தையும் ஒரு படமாக மாற்றி அனுப்பிவிடலாம். அவரும் அதில் வரைய வேண்டும் என்றால் குறியீட்டு ஃபோல்டரையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும், அவரும் அதே இடத்தில்தான் வைக்க வேண்டும்.

பெயர் மோதல் இன்னொரு தொல்லை. ஒரு குறியீட்டை வைத்தவுடன் அதன் விவரம் வரைபட ஃபைலுக்குள் பதிவாகிவிடும். நாளைக்கு வேறொரு கேட்டலாக்கிலிருந்து அதே 'மரம் 1' என்ற பெயரில் வேறு மரத்தை எடுத்தால், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் பழைய மரமே வந்து நிற்கும். அதனால், பெயருக்கு முன்னால் நமக்கென்று ஓர் அடையாளத்தைச் சேர்ப்பது உத்தமம். ஒரு தெருவில் நாலு முருகன் இருந்தால் இனிஷியல் போடுவதில்லையா? தொகுப்பில் பிறகு திருத்தம் செய்தாலும், ஏற்கெனவே வரைந்த வரைபடம் தானாக மாறாது. அதனால், பெரிய கண்டத்தில் கைவைப்பதற்கு முன்பு காலியான தாளில் இருபது மரத்தை நட்டுப் பார்த்துவிடுங்கள். நிழல், அளவு, பிடிமானப் புள்ளி எல்லாவற்றின் குட்டும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். குறியீட்டு ஃபோல்டரின் பிரதி ஒன்று பென் டிரைவிலும் இருக்கட்டும்.

வரைபடம் தொலைவது கம்ப்யூட்டர் காலத்தில் தொடங்கிய சோகம் இல்லை. ஆர்.எல். ஸ்டீவன்சன் 1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமரில் தங்கியிருந்தபோது, மழைக்கு வீட்டுக்குள் அடைந்துகிடந்த வளர்ப்பு மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் வரைபடத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதியதுதான் 'ட்ரெஷர் ஐலண்ட்'. 1883-ல் புத்தகமாக வெளிவர ஏற்பாடு நடந்தபோது, கையெழுத்துப் பிரதியோடு வரைபடத்தையும் அனுப்பிவைத்தார். வரைபடம் மட்டும் வந்து சேரவே இல்லை என்றது பதிப்பகம். எழுதி முடித்த கதையை வரி வரியாகப் புரட்டி, எந்தக் குன்று எங்கே, எந்த ஓடை எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு மறுபடியும் வரைய வேண்டியதாயிற்று. அவருடைய அப்பாவின் அலுவலகத்தில்தான் அது நடந்தது. அலங்காரத்துக்குத் திமிங்கிலங்கள், கப்பல்கள் எல்லாம் சேர்ந்தன. கேப்டன் ஃப்ளின்ட்டின் கையெழுத்தை அப்பாவே போலியாகப் போட்டுக்கொடுத்தார். ஆனால், அந்த இரண்டாவது வரைபடம் தனக்கு ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றவில்லை என்று பின்னாளில் எழுதினார் ஸ்டீவன்சன்.